சேம அச்சு முதல் கேரவன் வரை

கேரவன் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சினிமா நடிகர்கள்தான். படப்பிடிப்பு நடக்கும் தெருவில், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, ஒரு பெரிய வண்டி நிற்குமே, அதுதான். இப்போது நிலைமை மாறி வருகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், காருக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் சிறிய டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கப் போகிறானாம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்குமாம். "மாமா, நீங்கதான் சர்வீஸ் முழுக்க முகாம் முகாமா சுத்தினவராச்சே, என்னென்ன பாத்துக்கணும் சொல்லுங்க" என்று கேட்டான். ஃபோனில் சொன்னதை விரிவாக எழுதி வைத்தால் நம் நண்பர்களுக்கும் பயன்படுமே என்று தோன்றியது. ஆனால் எழுத உட்கார்ந்தால் அது வரலாறாகத்தான் வருகிறது. பழக்க தோஷம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு மூன்று சொற்கள் உண்டு. குதிரை இழுக்கும் வீட்டு வண்டி 'ரூலோத்'. நாடோடிகளும் சர்க்கஸ்காரர்களும் வாழ்வது அதில். மோட்டார் கார் இழுத்துச் செல்லும் வீடு 'கரவான்'. பின்னால் இழுபடும் வண்டி எதுவானாலும் 'ரெமோர்க்'. கரவான் என்பதன் வேர் பாரசீக மொழியில் இருக்கிறது. கூட்டமாகச் செல்லும் வணிகர்களைக் குறித்த சொல் அது. அதற்கு நம்மிடம் 'சாத்து' என்ற அருமையான தமிழ்ச் சொல் உண்டு. ஆக, வண்டிக்கு வருவதற்கு முன்னால் இந்தப் பெயர் சேர்ந்து பயணம் போகும் மனிதர்களுக்குத்தான் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தொண்டை நாட்டில் இந்த வண்டி வாழ்க்கை எவ்வளவு பழையது என்று பார்க்கப் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டினால் போதும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். உப்பு விற்கும் உமணர்களின் வண்டிகள் வரிசையாகப் போகும் காட்சி அதில் வருகிறது. வண்டியில் கோழி அடையும் கூடு இருக்கிறது. சிறிய உரல் ஒன்று தொங்குகிறது. காடி வைத்த கலம் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. குழந்தையோடு இருக்கும் தாய் மாடுகளை ஓட்டுகிறாள். ஆண்கள் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள். குடும்பம், சமையலறை, கோழி எல்லாம் சக்கரத்தின் மேலேயே இருக்கின்றன. இன்றைய டிரெய்லர் வீட்டின் விளம்பரப் படத்தில் இதைவிட அதிகமாக என்ன இருக்கிறது?

புறநானூற்றின் 102-ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. காளைகளோ இளையவை, வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ, யாருக்குத் தெரியும்? அதனால் உமணர்கள் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துச் சென்றார்களாம். அதற்குப் பெயர் 'சேம அச்சு'. அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று தலைவனைப் புகழ்கிறார் ஔவையார். ஆபத்துக்கு உதவுபவனுக்கு இதைவிட நல்ல உவமை உண்டா?

இன்று நாம் ஸ்டெப்னி என்கிறோமே, அதுவும் இதே யோசனைதான். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. அந்தத் தெருவின் பெயரில் 1904-ல் மோட்டார் காருக்கான உதிரிச் சக்கரம் விற்பனைக்கு வந்தது. தெருப் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. நாம் அதை இன்னும் விடவில்லை. உதிரிச் சக்கரத்துக்கு வேல்ஸ் தெருவின் பெயரைச் சொல்லும் நாம், சேம அச்சு என்ற சொல்லைத் தமிழாசிரியர்களிடம் விட்டுவிட்டோம்.

அடுத்து அரசாங்கம். வெள்ளைக்காரர் காலத்தில் கலெக்டர் என்றால் ஆண்டில் பல மாதங்கள் கூடாரத்தில் வாழ்பவர். ஜமாபந்தி, நில விசாரணை, ஏரிப் பார்வை என்று தாலுகா தாலுகாவாகச் சுற்ற வேண்டும். கூடாரம் இரண்டு செட் இருக்கும். துரை ஒன்றில் தூங்கும்போதே மற்றொன்று மாட்டு வண்டிகளில் ஏறி இரவோடு இரவாக அடுத்த முகாமுக்குப் போய்விடும். காலையில் அவர் குதிரையில் போய்ச் சேரும்போது கூடாரம் நிற்கும், மேசை போட்டிருக்கும், தேநீரும் தயாராக இருக்கும். அந்த வண்டிகளோடு இரவெல்லாம் போனவர்கள் யார் என்று எந்தக் கெஜட்டிலும் பெயர் கிடையாது. டபேதார், லஸ்கர், வண்டிக்காரர், கூடவே கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு ஒரு குமாஸ்தா.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது குதிரையும் இல்லை, துரையும் இல்லை. ஆனால் 'முகாம்' என்ற சொல் மட்டும் டைரியில் இருந்தது. ஜீப்புக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று. பதிவேட்டுப் பெட்டிகள், பெட்ரோமாக்ஸ், மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி மூட்டை, ஜமக்காளம் எல்லாம் அதில் ஏறும். அதை அடுக்கும் பொறுப்பு எங்கள் பழைய டபேதாருடையது. வண்டிக்காரர் வீட்டில் பிறந்தவர். "முன்பாரம் ஏறினா மாட்டுக்குக் கழுத்து நோவும், பின்பாரம் ஏறினா நுகத்தடி மேல தூக்கி மாட்டோட கழுத்தை இறுக்கும். ஜீப்பும் மாடுதாங்க" என்பார். பதிவேட்டுப் பெட்டிகளை நேராகச் சக்கரத்துக்கு மேலே, அடியில் வைப்பார். ஜமக்காளம் மேலே போகும். அந்த டிரெய்லர் ஒரு நாளும் பாம்பு மாதிரி ஆடியதில்லை.

இனி மேல்நாட்டுக்குப் போவோம். சும்மா மகிழ்ச்சிக்காக வண்டி வீட்டில் ஊர் சுற்றுவது என்பதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்று சொல்லப்படுபவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். 1885-ல் பிரிஸ்டலில் இரண்டு குதிரை இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்யச் சொன்னார். பெயர் 'வாண்டரர்'. எடை ஏறக்குறைய இரண்டு டன். இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை அதிலேயே போனார். கூட வண்டிக்காரர், ஒரு நாய், ஒரு கிளி. பணியாள் ஒருவர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் போய், எதிரே பெரிய வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்வார். அந்தப் பயணத்தை மறு ஆண்டே புத்தகமாகவும் எழுதினார். ஓய்வு பெற்றவர்கள் எழுதத் தொடங்கினால் நிறுத்துவதில்லை என்பதற்கு அவரும் ஒரு சாட்சி.

பிரெஞ்சுக்காரர்கள் இதிலும் தங்கள் வழியில் போனார்கள். 1931-ல் சித்ரோயன் கார் கம்பெனி, பெய்ரூத்திலிருந்து பீக்கிங் வரை ஒரு பயணத்தை அனுப்பியது. 'மஞ்சள் பயணம்' என்று பெயர். தலைவர் ஜார்ஜ் மரி ஹார்த். முன்னே சக்கரமும் பின்னே பட்டையும் உள்ள வண்டிகள். அவற்றின் பின்னால் டிரெய்லர்கள். சமையல், மருத்துவம், வானொலி என்று எல்லாம் சக்கரத்தின் மேலேயே போயின. ஸ்ரீநகரிலிருந்து கில்கிட் செல்லும் இமயமலைப் பாதையில் இரண்டு வண்டிகளைக் கொண்டுபோனார்கள். பாதை இல்லாத இடத்தில் அவற்றைக் கழற்றிக் கூலி ஆட்கள் சுமந்தார்கள். 1932 பிப்ரவரியில் பயணம் பீக்கிங் போய்ச் சேர்ந்தது. ஹார்த் மட்டும் ஊர் திரும்பவில்லை. மறு மாதமே ஹாங்காங்கில் காலமானார்.

இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு. சாதாரண மனிதன் கூடாரத்தோடு ஊரை விட்டுக் கிளம்பியது 1936-ல். அந்த ஆண்டு லெயோன் ப்ளூம் அரசு, தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை என்று சட்டம் போட்டது. 'கோன்ழே பெய்யே' என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் பாசத்தோடு சொல்கிறார்கள். கடலையே பார்த்திராத தொழிலாளர்கள் சைக்கிளிலும் ரயிலிலும் கடற்கரைக்குப் போனார்கள். முதலில் கூடாரம் வந்தது. பிறகு கையில் காசு சேர்ந்தபோது கரவான் வந்தது. அதே 1936-ல் அமெரிக்காவில் வாலி பயம் என்பவர் 'ஏர்ஸ்ட்ரீம் க்ளிப்பர்' என்ற அலுமினிய டிரெய்லரைக் கொண்டுவந்தார். பார்ப்பதற்குச் சிறகில்லாத விமானம் மாதிரி இருக்கும். 1959-ல் அவர் ஒரு கூட்டத்தைத் திரட்டி, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து எகிப்தின் கெய்ரோ வரை அந்த டிரெய்லர்களை இழுத்துப் போனார். பழைய சாத்து மறுபடி கிளம்பிவிட்டது போலத்தான்.

நம் ஒரகடத்துக்கு வருவோம். ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. அப்போலோ டயரும் வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலை வந்தது. பாரத்பென்ஸ் என்ற பெயரில் வண்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன. 2021-ல் கேரள அரசு 'கேரவன் கேரளா' என்ற சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபோது, காட்டிய முதல் வண்டிகளில் பாரத்பென்ஸ் சேசிஸ்மேல் கட்டியதும் ஒன்று. சேசிஸ் வகையின் எண் 1017. ஸ்ரீபெரும்புதூரில் உடையவர் அவதரித்த ஆண்டாகச் சொல்லப்படுவதும் 1017-தான். தற்செயல்தான், ஆனாலும் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, தங்கை மகனுக்குச் சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பாரம்: டபேதார் சொன்னதுதான். கனமான சாமான் அடியில், அச்சுக்கு மேலே, சற்றே முன்பக்கமாக இருக்கட்டும். அமெரிக்கர்கள் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் காரின் கொக்கிமேல் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பின்பாரம் ஏறினால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டும்; காரையும் சேர்த்து ஆட்டிவிடும்.

டயர்: டிரெய்லர் டயர் தேய்ந்து கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்பாதீர்கள். காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன்பு பாருங்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காற்றில்லாத ஸ்டெப்னி, உளுத்துப்போன சேம அச்சு.

அச்சும் மசகும்: அந்தக் காலத்து வண்டிக்காரர் வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டி மையாக அச்சுக்குப் போடுவார். பயணத்துக்கு முன்பு மை போடாத வண்டி ஊர் எல்லையிலேயே கத்தும். இன்று பேரிங்குக்குக் கிரீஸ். ஓரிடத்தில் நிறுத்தும்போது சக்கர நடுவில் கை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது என்றால் மெக்கானிக்கைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

கேஸ்: சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். வண்டி நகரும் முன் ரெகுலேட்டரை மூட வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தங்கும். ஆகவே தரையோரத்தில் காற்றுத் துளை இருக்கிறதா, அதைக் கம்பளம் மூடவில்லையா என்று பாருங்கள்.

தண்ணீரும் மழையும்: ஊர் திரும்பியதும் தொட்டியை முழுவதும் காலி செய்து காயவிடுங்கள். இல்லாவிட்டால் கொசுவுக்கு வாடகையில்லா வீடு. ஐப்பசி மழைக்கு முன் கூரையின் இணைப்புகளையும் ஜன்னல் ரப்பரையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். நிறுத்தும்போது சற்றுச் சாய்வாக நிறுத்தினால் கூரையில் நீர் தேங்காது.

இடம்: காரிலிருந்து கழற்றும் முன் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். தென்னை மரத்தடி வேண்டாம். ஏரி உள்வாயில், வறண்டு கிடக்கிறதே என்று நிறுத்தவே வேண்டாம். 2015 டிசம்பரை மறந்தவர் நம் பக்கத்தில் யாரும் இல்லை. கழிவு நீரை ஏரியிலோ வாய்க்காலிலோ விடுவது பாவம். நாளை அதையே நீங்கள் குடிப்பீர்கள்.

ரசிப்பது: பொழுது சாயும் முன் போய்ச் சேர்ந்துவிடுங்கள். உமணரும் அப்படித்தான், கலெக்டர் முகாமும் அப்படித்தான். நாளைக்கு 400 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் அது லாரி சர்வீஸ், உல்லாசம் இல்லை. நாற்காலியை வெளியே போடுங்கள். உள்ளே டி.வி. பார்ப்பதற்கு வீடே போதும்.

லாரி சர்வீஸ் என்றதும் எழுத வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. சக்கரத்தின்மேல் வாழ்பவர்கள் நம் கண் முன்னேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையிலும், சிங்கப்பெருமாள்கோவில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையிலும் கார் ஏற்றும் நீள டிரெய்லர்கள் ஓரம் கட்டி நிற்பதைத் தினமும் பார்க்கிறோம். ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்று தூரத்து ஊர்களிலிருந்து வருகிறார்கள். லோடு கிடைக்கும் வரை ஒரு நாளோ நான்கு நாளோ, அங்கேதான் வீடு. டிரெய்லரின் நிழலில் ஸ்டவ் வைத்து ரொட்டி சுடுகிறார்கள். அடிச் சட்டத்தில் துணி கட்டித் தூங்குகிறார்கள். தண்ணீர்க் கேன் ஒரு பக்கம் தொங்குகிறது. உமணர் வண்டியில் தொங்கிய காடிக் கலம் எனக்கு நினைவு வருகிறது.

காலை நடையில் ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. என்னுடைய இந்தி அரைகுறை, அவருடைய தமிழ் கால். "பாபுஜி, ரொட்டி பிரச்சினை இல்லை, தண்ணியும் காசு கொடுத்தா கிடைக்கும். பாத்ரூம்தான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நாற்பது லட்சம் ரூபாய்க்கு வண்டி, அதன்மேல் அதைவிட அதிக மதிப்புக்குப் புதுக் கார்கள். ஓட்டி வருபவருக்குக் காலைக்கடனுக்கு முள்ளுக்காடு. அவர் காத்திருந்த தொழிற்சாலையின் வாசலில் உள்ள குழாயில்கூடக் கை கழுவ விடவில்லையாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. குமாஸ்தா புத்தி, தேடிப் பார்த்தேன். 2025 வரை நடைமுறையில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்றது. தொழிலாளர்கள் இரவில் தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை வேண்டும் என்றும் அப்போதே எழுதி வைத்தார்கள். ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருந்தவரிடம் வேலை செய்தவர் அந்தக் கணக்கில் வரவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவிட்டது நல்ல காரியம். ஆனால் ஏ.சி. ஓட எஞ்சின் ஓட வேண்டும். டீசலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். நிற்கும் வண்டிக்கு வேண்டியது ஒரு மரமும் ஒரு குழாயும் ஒரு கழிப்பறையும்தான்.

இந்த மண்ணுக்கு அது புதிதல்ல. காஞ்சிக்கும் கடற்கரைக்கும் நடுவே போய்வந்தவர்களுக்காக நம் முன்னோர் சத்திரம் கட்டினார்கள், குளம் வெட்டினார்கள், சுமைதாங்கிக் கல் நட்டார்கள், வெயில் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். வருபவன் என்ன சாதி, எந்த ஊர், என்ன லோடு என்று சுமைதாங்கி கேட்டதில்லை. சாலையை அகலப்படுத்தியபோது கல்லும் போயிற்று, புளிய மரமும் போயிற்று. அவற்றின் இடத்தில் என்ன வைப்பது என்று திட்ட மதிப்பீட்டில் யாரும் ஒரு வரி சேர்க்கவில்லை.

கேரவன் சுற்றுலாவுக்குப் பூங்கா வேண்டும், மின் இணைப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், கழிவு இறக்கும் வசதி வேண்டும் என்று அரசாங்கங்கள் இப்போது ஒத்துக்கொள்கின்றன. கேரளத்தில் வாகமண்ணில் 2022-ல் அப்படி ஒரு பூங்கா வந்தும் விட்டது. சந்தோஷம். பட்டியலில் உள்ள அந்த நான்கும்தான் ஒரகடத்துச் சாலையோரத்தில் நிற்பவருக்கும் வேண்டும். நம் வாசகர்களில் ஊராட்சி மன்றத்தில் இருந்தவர்கள் உண்டு, தொழிற்சாலைகளில் பெரிய பதவியில் பிள்ளைகள் இருப்பவர்களும் உண்டு. பேசிப் பாருங்கள். சித்திரை வெயில் தொடங்கும் முன், வல்லக்கோட்டை போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட நாங்கள் நாலைந்து பேர் முடிவு செய்திருக்கிறோம். பானையும் ஓலையும் தயார். பெயர்ப் பலகையில் தமிழோடு இந்தியிலும் 'குடிதண்ணீர்' என்று எழுதத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தகவல் சொல்லுங்கள்.